குளிர்நீரில் முதல் நிமிடம்

அக்கா மகன் எடின்பரோவில் படிக்கிறான். போன பிப்ரவரியில் வாட்ஸப்பில் ஒரு இணைப்பு அனுப்பினான். ஊரை ஒட்டியுள்ள போர்ட்டபெல்லோ கடற்கரையில், கழுத்தளவுத் தண்ணீரில் மூன்று நிமிடம் நிற்கப் போகிறானாம். அதற்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் பணம் போட வேண்டும். வசூலாவது புற்றுநோயாளிகளுக்கு உதவும் ஓர் அறக்கட்டளைக்குப் போகும். "மாமா, பத்து பவுண்டு போட்டா போதும், பெரிசா எதுவும் வேண்டாம்" என்று குரல்பதிவு வேறு.

அடுத்த பத்தாவது நிமிடம் அக்கா அழைத்தாள். "நீயாவது சொல்லுடா அவன்கிட்ட. உடம்பு விறைச்சுப் போயிடும்." அந்த மாதத்தில் அந்தக் கடல் 6 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். நம் வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கும் தண்ணீர் பாட்டிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். அக்காவின் பயத்தில் தப்பில்லை, பயந்த இடம்தான் தப்பு. மூன்று நிமிடத்தில் யாருக்கும் உடம்பு விறைத்துப் போகாது. ஆபத்து இருப்பது முதல் ஒரு நிமிடத்தில். அந்த நேரத்தில் உடம்பின் உள்ளே அதே 37 டிகிரிதான் இருக்கும். குளிர்ந்திருப்பது தோல் மட்டும்.

பிரிட்டனில் இது ஒரு வழக்கம். வேல்ஸில் டென்பி என்ற ஊரில் 1970இலிருந்து கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கூட்டமாகக் கடலில் இறங்குகிறார்கள். எடின்பரோவுக்குப் பக்கத்தில் சவுத் குயின்ஸ்ஃபெரியில், 1890இல் திறந்த பழைய ரயில் பாலத்தின் பின்னணியில், புத்தாண்டு அன்று 'லூனி டூக்' நடக்கும். 'டூக்' என்றால் ஸ்காட்லாந்துப் பேச்சில் முங்கல். கிறுக்கர்களின் முங்கல் என்று வைத்துக்கொள்ளலாம். 1980களில், முந்தின இரவு குடித்த மயக்கம் தெளியட்டும் என்று வேடிக்கையாகத் தொடங்கியது. இப்போது மாறுவேடம் போட்டுக்கொண்டு வருகிறார்கள், அறக்கட்டளைகளுக்குப் பணம் திரட்டுகிறார்கள்.

சரி, உள்ளே இறங்கியதும் என்ன நடக்கிறது?

6 டிகிரி காற்றில் சட்டையில்லாமல் நின்றாலும் கொஞ்ச நேரம் சமாளித்துவிடலாம். அதே 6 டிகிரித் தண்ணீர் வேறு கதை. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். மார்கழிக் காலையில் சிமென்ட் தரையில் கால் வைத்தால் சுரீர் என்கிறது, பக்கத்தில் விரித்த கோரைப்பாயில் வைத்தால் ஒன்றும் தெரிவதில்லை. இரண்டும் ஒரே அறையில், ஒரே வெப்பநிலையில்தான் கிடக்கின்றன. தரை வேகமாக நம் சூட்டைப் பிடுங்குகிறது, பாய் பிடுங்குவதில்லை. கழுத்தளவுக் கடல் என்பது உடம்பு முழுக்கச் சுற்றிக்கொண்ட சிமென்ட் தரை.

33 டிகிரி வாக்கில் இருக்கும் தோல் சில விநாடிகளிலேயே மளமளவென்று குளிர்கிறது. தோலின் மேற்பரப்புக்குச் சற்றே அடியில் குளிரை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அவற்றில் ஒரு புரதம், குளிர் பட்டால் திறந்துகொள்ளும் கதவு போல வேலை செய்கிறது. டிஆர்பிஎம்8 என்று பெயர். 2002இல் டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் பட்டபூட்டியனும் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தார்கள். உடல் வெப்பத்தையும் தொடுகையையும் உணரும் விதத்தைத் துலக்கியதற்காக 2021இல் இருவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது. தலைவலித் தைலத்தில் இருக்கும் மெந்தால் இதே கதவைத்தான் திறக்கிறது. நெற்றியில் தடவினால் ஜில்லென்று இருப்பது அதனால்தான், நெற்றி உண்மையில் குளிர்ந்ததால் அல்ல.

இந்த நரம்பு முனைகள் மெதுவான மாற்றத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, திடீர் மாற்றத்துக்குத்தான் கூச்சல் போடும். உடம்பு முழுக்க லட்சக்கணக்கான முனைகள் ஒரே நேரத்தில் கத்தினால், மூளைத்தண்டு உங்களிடம் கேட்காமலே ஒரு காரியம் செய்கிறது. வாய் திறக்கிறது, ஒரு பெரிய மூச்சு உள்ளே போகிறது. குற்றாலத்தில் அருவிக்கு அடியில் தலையைக் கொடுத்த முதல் நொடியில் 'ஹா' என்று ஒன்று வருமே, அதுதான். யாரும் யோசித்துச் செய்வதில்லை. வேண்டாம் என்று அடக்கவும் முடிவதில்லை.

குற்றாலத்தில் அது சிரிப்போடு முடிந்துவிடும். 6 டிகிரிக் கடலில் அதன் அளவு வேறு. சாதாரணமாக நாம் ஒரு மூச்சுக்கு அரை லிட்டர் காற்று இழுக்கிறோம். குளிர் அதிர்ச்சியில் வரும் அந்த முதல் மூச்சு இரண்டு மூன்று லிட்டர் வரை போகும். அந்த நேரத்தில் முகம் தண்ணீருக்கு மேலே இருந்தால் காற்று வரும், கீழே இருந்தால் கடல் வரும். சுமார் ஒன்றரை லிட்டர் கடல்நீர் நுரையீரலுக்குள் போனால் ஒரு பெரிய ஆள் மூழ்கிச் சாவதற்குப் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் கரைக்குப் பத்தடி தூரத்தில் போய்விடுகிற செய்திகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த ஒரே மூச்சுதான் இருக்கிறது.

முதல் மூச்சோடு நிற்பதில்லை. அடுத்து மூச்சு தாறுமாறாக, நிமிடத்துக்கு அறுபது தடவைகூட ஓடும். கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுவதால் மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து தலை சுற்றும். வெளியே ஒரு நிமிடம் மூச்சடக்கத் தெரிந்தவருக்கு இங்கே பத்து விநாடிகூட முடியாமல் போகும். தோலில் உள்ள ரத்தக் குழாய்கள் சட்டென்று சுருங்குவதால் அங்கிருந்த ரத்தம் உள்ளே தள்ளப்படுகிறது, ரத்த அழுத்தம் எகிறுகிறது, இதயம் வேகம் பிடிக்கிறது.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. முகம் குளிர்ந்த தண்ணீரில் முங்கினால், அதிலும் மூச்சை அடக்கியிருந்தால், இதயத் துடிப்பு குறையும். சீலுக்கும் திமிங்கலத்துக்கும் உள்ள அதே முக்குளிப்பு அனிச்சை நமக்கும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. ஆக, உடம்பின் தோல் 'வேகமாக ஓடு' என்கிறது, முகத்தின் தோல் 'மெதுவாகப் போ' என்கிறது. இதயத்துக்கு ஒரே நேரத்தில் ஆக்சிலரேட்டரும் பிரேக்கும். இந்த இழுபறியில் துடிப்பு தாளம் தப்பலாம் என்று 2012இல் மைக் டிப்டன், மைக்கேல் ஷாட்டாக் என்ற இரு ஆய்வாளர்கள் விளக்கினார்கள். ஆரோக்கியமானவர்களுக்குப் பெரும்பாலும் வந்த சுவடு தெரியாமல் போய்விடும். ஏற்கெனவே இதயத்தில் கோளாறு இருப்பவருக்கு அப்படிச் சொல்ல முடியாது. தலைகீழாகப் பாய்ந்து குதிக்காதே, நடந்து இறங்கு என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நல்ல செய்தி, இந்த ஆர்ப்பாட்டம் எல்லாம் அரை நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக அடங்கிவிடும். தோல் குளிர்ந்தது குளிர்ந்தபடி இருக்கிறது, மேலும் மாறவில்லை, எனவே நரம்பு முனைகளும் கத்தி ஓய்கின்றன. பிரிட்டனின் கடல் மீட்புப் படகுச் சங்கமான ஆர்.என்.எல்.ஐ., தவறித் தண்ணீரில் விழுந்தவர்களுக்குச் சொல்லித் தருவதும் இதை வைத்துத்தான். நீந்தப் பார்க்காதே, கையைக் காலை அடிக்காதே, தலையைப் பின்னால் சாய்த்துக் காது நனைய மல்லாந்து மித. மூச்சு உன் கைக்கு வந்த பிறகு மற்றதைப் பார்க்கலாம்.

அக்கா மகனிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை தடவை இறங்கிப் பாத்திருக்க?" என்பதுதான். நான்கு வாரமாக வாரம் இரண்டு முறை என்றான். அங்கேயே பாதி வேலை முடிந்துவிட்டது. ஐந்தாறு தடவை, தடவைக்குச் சில நிமிடம் குளிர்நீரில் இருந்து பழகினாலே அதிர்ச்சி பாதியளவுக்குக் குறைந்துவிடுகிறது. அந்தப் பழக்கத்தில் ஒரு பங்கு மாதக்கணக்கில் தங்கவும் செய்கிறது. எது பழகுகிறது, தோலா மூளையா என்று பார்க்க, டிப்டன் குழு 1990களின் பிற்பகுதியில் ஒரு காரியம் செய்தது. ஆட்களின் உடம்பில் ஒரு பக்கத்தை மட்டும் திரும்பத் திரும்பக் குளிர்நீர் படவைத்துப் பழக்கினார்கள். பிறகு தண்ணீரே படாத மறுபக்கத்தை நனைத்துப் பார்த்தார்கள். அந்தப் பக்கத்திலும் அதிர்ச்சி குறைந்திருந்தது! தோல் பழகியிருந்தால் இது நடக்காது. மேலே உட்கார்ந்திருக்கும் மூளைதான், 'தெரிந்த ஆள்தான்' என்று விட்டுக்கொடுத்திருக்கிறது.

கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் கார்டன் கீஸ்பிரெக்ட் என்று ஒருவர் இருக்கிறார். ஆராய்ச்சிக்காகத் தானே பனித்தண்ணீரில் எத்தனையோ முறை இறங்கியவர். குச்சி ஐஸ் பேராசிரியர் என்று பட்டப்பெயரே உண்டு. அவருடைய கணக்கு 1-10-1. மூச்சைப் பிடிக்க ஒரு நிமிடம், கைகால் சொன்னபடி கேட்கும் நேரம் பத்து நிமிடம், உள்ளுடம்பு குளிர்ந்து நினைவு தப்ப ஒரு மணி நேரம். அக்கா பயந்தது அந்தக் கடைசி ஒன்றைப் பார்த்து. அது வருவதற்குள் தேங்காய்ச் சட்னி அரைத்து, தோசை வார்த்து, சாப்பிட்டும் முடித்துவிடலாம்.

நடுவில் இருக்கும் அந்தப் பத்தைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. கை மெலிந்த உறுப்பு. சதை குறைவு, பரப்பு அதிகம். குளிர்ந்தால் நரம்பில் செய்தி மெதுவாகப் போகிறது, தசை சுருங்கி விரியச் சோம்பல்படுகிறது. 2007இல் லூயிஸ் ப்யூ என்ற நீச்சல் வீரர் வட துருவத்தில் மைனஸ் 1.7 டிகிரித் தண்ணீரில் ஒரு கிலோமீட்டர் நீந்தினார். பருவநிலை மாற்றத்தை உலகம் பார்க்க வேண்டும் என்பதற்காக, 18 நிமிடம் 50 விநாடி. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் கைகளில் உணர்ச்சி திரும்ப மாதங்கள் பிடித்தன.

கேட்டுக்கொண்டே இருந்தால் எப்படி என்று, நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் உட்கார்ந்தேன். பாதி வாளித் தண்ணீர், நான்கு தட்டு ஐஸ். வலது கை வாளியில், இடது கையில் அப்பாவின் ரத்த அழுத்தக் கருவி. முதல் பத்து விநாடி 'இவ்வளவுதானா' என்று இருந்தது. இருபதில் வலி எலும்பைக் கவ்வியது. ஒரு நிமிடத்தில் கருவியின் மேல் எண் 124இலிருந்து 146க்குப் போயிருந்தது. நனைந்தது ஒரு கை, ஏறியது முழு உடம்பின் அழுத்தம். (டாக்டர்கள் இதையே 1930களிலிருந்து ஒரு பரிசோதனையாக வைத்திருக்கிறார்கள். ரத்த அழுத்தம் இருப்பவர்கள் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.) இரண்டாவது நிமிடம் வலி மரத்தது. கையை எடுத்து மேசையில் கிடந்த ஐந்து ரூபாய் நாணயத்தை எடுக்கப் போனேன். விரல் நாணயத்தின் மேல் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது, விரலுக்குத் தெரியவில்லை. நாணயத்தை மேசை விளிம்புவரை இழுத்துக் கீழே தள்ளித்தான் பிடித்தேன்.

கரையேறிய பிறகும் கதை முடிவதில்லை. வெளியே வந்து துண்டைப் போர்த்திய பத்து, இருபது நிமிடத்துக்கு உள்ளுடம்பின் வெப்பம் இறங்கிக்கொண்டே இருக்கும். தண்ணீருக்குள் இருந்ததைவிட அதிகமாக நடுக்கம் எடுப்பது அப்போதுதான். கைகாலில் இருந்து குளிர்ந்த ரத்தம் இதயத்துக்குத் திரும்புவதால் என்றுதான் வெகுகாலம் சொல்லிவந்தார்கள். 1986இல் பால் வெப் என்பவர் ஒரு மாட்டுக்காலையும் ஒரு பை ஜெலட்டினையும் குளிரவைத்து, பிறகு சூடாக்கிப் பார்த்தார். ரத்த ஓட்டமே இல்லாத அவற்றிலும் நடுப்பகுதி, சூடாக்கத் தொடங்கிய பிறகும் சற்று நேரம் குளிர்ந்துகொண்டே போனது. வெளிப்பகுதி குளிர்ந்து கிடக்கும்வரை உள்ளே இருக்கும் சூடு அந்தப் பக்கம் போய்க்கொண்டேதான் இருக்கும், அவ்வளவுதான் சங்கதி. இந்த நேரத்தில் நேராகப் போய் வெந்நீர் ஷவரில் நிற்பது தப்பு. தோலின் ரத்தக் குழாய்கள் ஒரேயடியாக விரிந்து, அழுத்தம் இறங்கி, குளியலறையிலேயே மயங்கி விழ வாய்ப்பு உண்டு. துடைத்து, உலர்ந்த துணியை அடுக்கடுக்காகப் போட்டு, சூடாக ஏதாவது குடித்தபடி நடுங்கவிட வேண்டும். நடுக்கம் என்பது தசைகள் போடும் அடுப்பு, சும்மா இருக்கும்போது வருவதைவிடச் சில மடங்கு சூடு வரும்.

இதற்கு எதற்கு ஒருவர் பணம் கொடுக்க வேண்டும்? அக்கா கேட்டதும் இதுதான். "நல்லதுக்குக் கொடுக்கணும்னா நேரா கொடுத்துட்டுப் போலாமே."

2014 கோடையில் உலகமே தலையில் ஐஸ் வாளியைக் கவிழ்த்துக்கொண்டது நினைவிருக்கும். பில் கேட்ஸ் அதற்கென்று ஒரு சட்டகத்தையே அமைத்துக் கவிழ்த்துக்கொண்டார். ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய்க்காக அமெரிக்கச் சங்கம் ஒன்றுக்கு மட்டும் அந்தக் கோடையில் 11.5 கோடி டாலர் சேர்ந்தது. அந்தப் பணமும் சேர்ந்து நடந்த ஆய்வில், 2016இல் என்இகே1 என்ற மரபணுவுக்கு அந்த நோயில் பங்கு இருப்பது தெரியவந்தது. அந்த வீடியோக்களை இன்று மறுபடி பாருங்கள். கோடீஸ்வரரோ கல்லூரி மாணவரோ, தண்ணீர் விழுந்த நொடியில் எல்லா முகமும் ஒன்றுதான். தோள் காதுவரை ஏறுகிறது, வாய் பிளக்கிறது, ஒரு பெரிய மூச்சு. முகம் காற்றில் இருப்பதால், தண்ணீர் ஒரு நொடியில் வழிந்தோடிவிடுவதால், அது வேடிக்கையாகவே முடிந்துவிடுகிறது.

ஆள் கஷ்டப்படுவதைப் பார்த்தால் கை தாராளமாகிறது என்பதற்கு ஆய்வும் இருக்கிறது. 2013இல் கிறிஸ்டோபர் ஒலிவோலாவும் எல்டார் ஷஃபிரும் இதைப் பற்றி எழுதினார்கள். விருந்து வைத்துப் பணம் திரட்டுவதைவிட, வலியும் உழைப்பும் உள்ள வழியில் திரட்டும்போது மக்கள் அதிகம் தர முன்வருகிறார்கள். அவர்கள் சோதனையில் வலிக்குப் பயன்படுத்தியதும் குளிர்நீரில் கையை வைப்பதைத்தான். பால்குடம் எடுப்பதையும் தீமிதிப்பதையும் பார்த்து வளர்ந்த நமக்கு இதற்கு ஆய்வுக் கட்டுரை தேவையில்லை என்று நினைக்கிறேன்.

பணத்தைப் போட்டேன். பத்து பவுண்டு கேட்டான், இருபது. நிகழ்ச்சி நடந்த அன்று நம் நேரத்துக்குச் சாயங்காலம் குரல்பதிவு வந்தது. பல் கிட்டிக்கொண்டு பாதி வார்த்தை புரியவில்லை. "முடிச்சாச்சு மாமா. மூச்செல்லாம் ஒண்ணும் ஆகல. ஆனா சட்டை பட்டன்தான் போட முடியல. ரெண்டு தடவை பாத்துட்டு, பக்கத்துல ஒரு பாட்டி வந்து போட்டுவிட்டாங்க. அவங்க எனக்கு முன்னாடியே முங்கிட்டு வந்து டீ குடிச்சிட்டு இருந்தாங்க."