ஸ்பின்: பொய் அல்ல, திரிப்பு

ஒரு கட்சி 100 தொகுதிகளில் போட்டியிட்டு 5 இடங்களில் வெல்கிறது. முந்தைய தேர்தலில் வென்றவை 4. “எங்கள் வெற்றி 25 விழுக்காடு உயர்ந்திருக்கிறது” என்கிறார் அதன் செய்தித் தொடர்பாளர். கணக்கில் பிழை இல்லை. தோற்றுப்போன 95 தொகுதிகள் மட்டும் பேச்சில் இல்லை. இப்படிச் செய்தியைத் தனக்கு ஏற்றபடி முறுக்கித் தருவதை ஆங்கிலத்தில் ‘ஸ்பின்’ என்கிறார்கள்.

பஞ்சை இழுத்து முறுக்கி நூலாக்குவதே அச்சொல்லின் பழம்பொருள். 19ஆம் நூற்றாண்டின் கப்பல் மாலுமிகள் நீண்ட கதை சொல்வதை நூல் நூற்பதாகவே சொன்னார்கள். சுழலவிட்ட பந்து திசை மாறுவதும் பின்னாளில் இப்பொருளோடு சேர்ந்துகொண்டது. 1984 அமெரிக்க அதிபர் தேர்தலில் ரீகனும் மாண்டேலும் மோதிய விவாதங்களை ஒட்டி ‘ஸ்பின் டாக்டர்’ என்ற சொல் பத்திரிகைகளில் பரவியது. விவாதம் முடிந்ததும் தம் தலைவரே வென்றார் என்று நிருபர்களை நம்பவைக்க முயன்றவர்களுக்கு அந்தப் பெயர். இங்கே டாக்டர் மருத்துவர் அல்லர். ஆவணத்தையோ கணக்கையோ கைவைத்து மாற்றுவதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல் வினையாக வரும். ‘சுழல் மருத்துவர்’ என்று பெயர்த்தால் யாருக்கும் எதுவும் விளங்காது.

தமிழில் இதற்கு வேர் தேடி அலைய வேண்டியதில்லை. ‘திரி’ என்ற வினை நூலையும் முறுக்கும், பொருளையும் மாற்றும். புணர்ச்சி இலக்கணத்தில் ஓர் எழுத்து வேறொன்றாவது திரிதல். பாத்திரத்தின் தீமையால் நல்ல பால் கெடுவதைத் திருக்குறளின் 1000ஆம் குறள் ‘திரிந்தற்று’ என்கிறது. நூற்றலும் கெடுதலும் ஒரே சொல்லில் இவ்வளவு இயல்பாகக் கூடியிருக்கும்போது ‘ஸ்பின்’ என்றே எழுதிக்கொண்டிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

ஆனால் ‘கயிறு திரித்தல்’ இதற்குப் பொருந்தாது. அது இல்லாததைக் கட்டிச் சொல்வது. ‘பூசி மெழுகுதல்’ நெருங்கி வருகிறது, எனினும் குறையை மறைப்பதோடு நின்றுவிடுகிறது. ஸ்பின் மறைப்பதோடு நிற்பதில்லை. தோல்வியையே வெற்றியாகக் காட்டுகிறது. வெறும் ‘திரித்துக் கூறினார்’ என்று எழுதினால் உண்மையையே மாற்றிவிட்டார் என்று வாசகர் எண்ணக்கூடும். ஆகவே ‘சாதகத் திரிப்பு’ என்பதே என் பரிந்துரை. அதைத் தொழிலாகச் செய்பவர் ‘செய்தித் திரிப்பாளர்’. எண்ணே தவறாக இருந்தால் இரண்டும் வேண்டாம். அதைப் பொய் என்றே எழுதலாம்.