சென்சார் 7.2, லேப் 7.9: எதை வைத்து இன்சுலினை மாற்றுவது?

டைப் 1 சர்க்கரை நோய் உள்ளவர்களில், சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சார் போட்டுக்கொள்பவர்கள் கூடக் கூட, என் ஆலோசனை அறையில் ஒரு கேள்வியும் கூடிக்கொண்டே வருகிறது. போனில் உள்ள செயலி, சென்சார் அளவுகளை வைத்துக் கணிக்கும் ஏ1சி-யான ஜிஎம்ஐ 7.2 என்று காட்டுகிறது. அதே வாரம் லேபில் எடுத்த ஏ1சி, அதாவது மூன்று மாத சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, 7.9 என்று வருகிறது. "எது டாக்டர் சரி? சென்சார் தப்பா காட்டுதா, லேப்ல மாத்திட்டாங்களா?" பெரும்பாலான நேரங்களில் இரண்டுமே ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கும். அவை அளப்பதுதான் வேறு வேறு. இது தெரியாமல் ஏதோ ஓர் எண்ணைத் துரத்திக்கொண்டு இன்சுலினைக் கூட்டுகிறார்களே, அதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது.

முதலில் ஜிஎம்ஐ எப்படி வருகிறது என்று பார்ப்போம். தோலுக்கு அடியில், செல்களுக்கு இடையே உள்ள திரவத்தில் இருக்கும் சர்க்கரையைச் சென்சார் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளக்கிறது. அந்த அளவுகளின் சராசரியை ஒரு சூத்திரத்தில் போட்டு வருவதுதான் ஜிஎம்ஐ. 2018-இல் வெளியான அந்தச் சூத்திரம் எளிமையானது: சராசரியை 0.02392-ஆல் பெருக்கி, 3.31-ஐக் கூட்ட வேண்டும். சராசரி 150 என்றால் ஜிஎம்ஐ 6.9. சராசரி 180 என்றால் 7.6. (இந்தக் கட்டுரையில் வரும் சர்க்கரை அளவுகள் எல்லாம் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்.) இவ்வளவு சராசரி உள்ளவர்களுக்கு லேபில் பொதுவாக எவ்வளவு ஏ1சி வரும் என்பதை அது சொல்கிறது. உங்களுடைய சிவப்பணுக்களைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

லேபில் பார்க்கும் ஏ1சி-க்கு அடிப்படையே அந்தச் சிவப்பணுக்கள்தான். ரத்தத்தில் உள்ள சர்க்கரை சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். எவ்வளவு காலம் இருக்கிறதோ அவ்வளவு சர்க்கரை சேரும். அதனால்தான் ஏ1சி-யை மூன்று மாத சராசரி என்கிறோம். ஆனால் மூன்று மாதங்களுக்கும் அதில் சமபங்கு கிடையாது. கடைசி ஒரு மாதத்தின் பங்கு மட்டுமே ஏறக்குறைய பாதி.

செயலி பெரும்பாலும் கடைசி 14 நாள் கணக்கைத்தான் முதலில் காட்டும். அதைக் கொண்டுபோய் லேப் அறிக்கையோடு ஒப்பிட்டால் எண்கள் ஒத்துப்போகாமல் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்பு காய்ச்சல் வந்தது, அல்லது ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தீர்கள். அது லேப் எண்ணில் இருக்கும், 14 நாள் கணக்கில் இருக்காது. ஆகவே அறிக்கையை 90 நாளுக்கு மாற்றிப் பாருங்கள். அந்த 90 நாளில் குறைந்தது 70 சதவீத நேரத்துக்காவது சென்சார் பதிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். உடம்பு சரியில்லாத நாட்களில் சென்சாரைக் கழற்றி வைத்திருந்தால் அந்த நாட்கள் சராசரியிலேயே சேராது. இதைச் செய்ததுமே பலருக்கு வித்தியாசம் பாதியாகக் குறைந்துவிடும்.

அப்புறமும் மிச்சம் இருக்கும் வித்தியாசம்தான் முக்கியமானது.

சிவப்பணுக்களின் ஆயுள் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்கு அவை கொஞ்சம் அதிக நாள் இருந்தால், அதே சர்க்கரைக்கு அவருடைய ஏ1சி கூடுதலாகக் காட்டும். சீக்கிரம் அழிந்தால் குறைவாகக் காட்டும். இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதை ஏ1சி-யையும் சராசரி சர்க்கரையையும் ஒப்பிட்டு 2008-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு தெளிவாகக் காட்டியது. ஏ1சி 7 என்றால் சராசரி சர்க்கரை 154 என்று நாம் எல்லோரும் சொல்லும் கணக்கு அங்கிருந்து வந்ததுதான். ஆனால் அதே ஆய்வின்படி, ஏ1சி 7 உள்ள ஒரு தனி மனிதரின் சராசரி 123 முதல் 185 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். 123 இருப்பவருக்கும் 185 இருப்பவருக்கும் ஒரே மாதிரி இன்சுலின் ஆலோசனை சொல்ல முடியுமா?

உடல்நிலையும் இதில் புகுந்துவிடும். இரும்புச்சத்துக் குறைவும் பி12 குறைவும் ஏ1சி-யைப் பொய்யாக ஏற்றிக் காட்டலாம். ரத்தப்போக்கு, ரத்தம் ஏற்றிக்கொண்டது, சிவப்பணு சிதையும் நோய்கள், டயாலிசிஸ், சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்டின் ஊசி ஆகியவை இறக்கிக் காட்டும். தலசீமியா, சிக்கிள் செல் போன்ற பிறவிக் கோளாறு உள்ளவர்களுக்குச் சில லேப் முறைகளில் எண்ணே நம்பத் தகுந்ததாக வராது.

ஒரு இளம்பெண்ணின் விஷயத்தைச் சொல்கிறேன். லேபில் ஏ1சி 8.2. சென்சாரின் 90 நாள் ஜிஎம்ஐ 7.2, அதாவது சராசரி 163 அளவில். லேப் எண்ணை மட்டும் பார்த்து, வேறொரு இடத்தில் நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினைக் கூட்டியிருந்தார்கள். விளைவு, விடியற்காலையில் சர்க்கரை அடிக்கடி 60-க்குக் கீழே இறங்கியது. வீட்டில் வேறு பிரச்சினை. "எங்களுக்குத் தெரியாம எதையோ சாப்பிடறா, லேப்ல மாட்டிக்கிட்டா" என்று அவர் அம்மா என்னிடமே சொன்னார். அந்தப் பெண் பதில் பேசவில்லை. சென்சார் வரைபடத்தைத் திறந்தால் அப்படி ஒளித்துச் சாப்பிட்டதற்கான தடயமே இல்லை. மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம், எப்போதும் களைப்பு என்றார். ஹீமோகுளோபினும் குறைவு, உடம்பில் உள்ள இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் குறைவு. இரவு இன்சுலினைக் குறைத்தோம், இரும்புச்சத்து மாத்திரை ஆரம்பித்தோம். சில மாதங்களில் ஏ1சி 7.4 என்று வந்தது. சென்சார் சராசரியோ கிட்டத்தட்ட பழைய அளவிலேயே இருந்தது.

வீட்டில் டைப் 1 உள்ள பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் நான் மன்றாடிக் கேட்பது இது: லேப் எண் சென்சாரைவிடக் கூடுதலாக வந்துவிட்டது என்பதற்காகப் பிள்ளையைக் குற்றவாளியாக்காதீர்கள். முதலில் ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று, இரும்புச்சத்து மாத்திரை எடுக்கும் காலத்தில் புதிய சிவப்பணுக்கள் நிறைய வருவதால் ஏ1சி தானாகவே இறங்கும். அதைப் பார்த்துக் கட்டுப்பாடு கூடிவிட்டது என்று நினைத்துவிடவும் வேண்டாம்.

சென்சாரிலும் குறைகள் உண்டு. போட்ட முதல் நாளில் துல்லியம் குறைவு. அது இருக்கும் கையை அழுத்திப் படுத்தால், இல்லாத தாழ்சர்க்கரையைக் காட்டி எழுப்பிவிடும். சர்க்கரை வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் ரத்தத்தைவிடச் சில நிமிடங்கள் பின்தங்கும். வைட்டமின் சி-யை அதிக அளவில் எடுத்தால் சில சென்சார்கள் கூட்டிக் காட்டும். ஹைட்ராக்ஸியூரியா மருந்தும் அப்படித்தான். சில வகைகளைப் பாராசிட்டமால்கூடப் பாதிக்கும். உங்கள் சென்சாரோடு வந்த தாளில் இந்தப் பட்டியல் இருக்கும், ஒருமுறை படித்துவிடுங்கள்.

இதில் பின்தங்குவதைப் பற்றிக் கவலை வேண்டாம், ஏற்றமும் இறக்கமும் சராசரியில் பெரும்பாலும் ஈடாகிவிடும். ஒரு சென்சார் தொடர்ந்து குறைத்தோ கூட்டியோ காட்டினால்தான் ஜிஎம்ஐ தடம் மாறும். அதைக் கண்டுபிடிக்க விரலில் குத்திப் பார்க்க வேண்டும், ஆனால் சரியான நேரத்தில். சாப்பாட்டுக்கு முன்பு, செயலியில் அம்புக்குறி படுக்கையாக, அதாவது சர்க்கரை ஏறாமல் இறங்காமல் இருக்கும்போது, கையைக் கழுவித் துடைத்துவிட்டுப் பாருங்கள். குளுக்கோமீட்டரும் துல்லியமான கருவி என்று எண்ண வேண்டாம். அதற்கான 2013-ஆம் ஆண்டு ஐஎஸ்ஓ தரப்படியே 100-க்கு மேல் 15 சதவீதம் வரை வித்தியாசம் ஏற்கத்தக்கது. சென்சார் 140, மீட்டர் 155 என்றால் அது முரண்பாடே இல்லை. ஒரே திசையில், பல நாள், பெரிய வித்தியாசம் வந்தால்தான் சென்சாரைச் சந்தேகிக்கலாம்.

லேபில் கொடுத்த வெறும் வயிற்றுச் சர்க்கரையோடு சென்சாரை ஒப்பிடுபவர்களும் இருக்கிறார்கள். ரத்தம் எடுத்த நிமிடத்தைக் குறித்துக்கொண்டு, அந்த நேரத்துச் சென்சார் எண்ணோடு ஒப்பிடுங்கள். அறிக்கை வந்த நேரத்து எண்ணோடு வேண்டாம். குழாயில் பிரிக்காமல் கிடக்கும் ரத்தத்தில் உள்ள செல்கள் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் சர்க்கரையைத் தின்றுவிடும் என்பதால், தாமதமாகப் பரிசோதித்தால் லேப் எண் குறைவாக வரும்.

சரி, இரண்டு எண்ணையும் வைத்து என்ன செய்வது? நான் ஒவ்வொருவருக்கும் அவருடைய வித்தியாசத்தைக் கோப்பில் எழுதி வைக்கிறேன். லேப் ஏ1சி-யிலிருந்து 90 நாள் ஜிஎம்ஐ-யைக் கழித்தால் வருவது. உடல்நிலையில் மாற்றம் இல்லாத வரை பலருக்கு இது பெரிதாக மாறாது. ஒருவருக்கு எப்போதுமே லேப் 0.6 கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். அவரை லேபில் 7-க்குக் கொண்டுவர வேண்டுமானால் ஜிஎம்ஐ 6.4 ஆக வேண்டும், அதாவது சராசரி 129. இன்சுலின் எடுக்கும் பலருக்கு அந்தச் சராசரி அடிக்கடி தாழ்சர்க்கரையில்தான் கொண்டுபோய் விடும். திருப்பிப் பாருங்கள். லேப் எப்போதும் 0.6 குறைவாக வருபவர் 7-ஐப் பார்த்து நிம்மதியாக இருப்பார், உண்மையில் அவர் சராசரி 179. இந்த இரண்டாமவரைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் பயம். முதலாமவருக்கு மயக்கமாவது எச்சரிக்கை தரும், இவருக்கு எதுவும் வலிக்காது.

பழைய வித்தியாசம் திடீரென்று மாறினால் காரணம் தேட வேண்டும். 0.2 இருந்தது 0.9 ஆனால் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், சிறுநீரகப் பரிசோதனை, புதிதாகச் சேர்ந்த மருந்து, சென்சார் வகையை மாற்றினோமா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். தேவைப்பட்டால் கடைசி இரண்டு மூன்று வாரத்தைக் காட்டும் ஃப்ரக்டோசமின் பரிசோதனையும் உதவும்.

இன்சுலின் அளவை மாற்றுவதற்கு ஏ1சி, ஜிஎம்ஐ இரண்டுமே போதாது. எந்த நேரத்தில் ஏறுகிறது, எந்த நேரத்தில் இறங்குகிறது என்பதை ஒற்றை எண் எப்படிச் சொல்லும்? அதற்கு 24 மணி நேர வரைபடம் வேண்டும். 2019-இல் பன்னாட்டு நிபுணர்கள் ஒப்புக்கொண்ட இலக்கு, டைப் 1 உள்ள பெரும்பாலான பெரியவர்களுக்கு, 70 முதல் 180-க்குள் நாளில் 70 சதவீதத்துக்கு மேல். 70-க்குக் கீழே 4 சதவீதத்துக்குள், 54-க்குக் கீழே 1 சதவீதத்துக்குள். நான் முதலில் பார்ப்பது இந்தக் கீழ்ப் பகுதியைத்தான். அங்கே நேரம் கூடுதலாக இருந்தால், ஏ1சி எவ்வளவு என்றாலும் அதைச் சரிசெய்த பிறகுதான் மற்றது.

அப்படியானால் ஏ1சி-யை விட்டுவிடலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. சர்க்கரையைக் கட்டுப்படுத்தினால் கண்ணும் சிறுநீரகமும் நரம்பும் காப்பாற்றப்படும் என்று 1993-இல் நிரூபித்த ஆய்வு, டைப் 1 உள்ள 1,441 பேரைச் சராசரியாக ஆறரை ஆண்டுகள் தொடர்ந்து, ஏ1சி-யை வைத்துத்தான் அதைச் சொன்னது. தவிர, லேபில் பார்க்காமலே இருந்தால், சென்சார் மாதக்கணக்கில் குறைத்துக் காட்டினாலும் யாருக்கும் தெரியாது.

கர்ப்பமாக இருப்பவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. கர்ப்பத்தில் சிவப்பணுக்கள் வேகமாகப் புதுப்பிக்கப்படுவதால் ஏ1சி இயல்பாகவே இறங்கும். ஜிஎம்ஐ சூத்திரமும் கர்ப்பிணிகளை வைத்து உருவாக்கியது இல்லை. அவர்களுக்கு 63 முதல் 140-க்குள் 70 சதவீத நேரத்துக்கு மேல் என்பது இலக்கு. டைப் 1 உள்ளவர்கள் குழந்தைக்குத் திட்டமிடும்போதே, முந்தைய லேப் அறிக்கைகளையும் 90 நாள் சென்சார் அறிக்கையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.