குதிங்கால் தடம் இல்லாத ஷூ

ஆலங்குளம் பக்கமிருந்து ஒரு அம்மா ஒன்றரை வயசுப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார். கூட மாமியார், பையனின் ஆச்சி. கையில் ஒரு ஜவுளிக்கடைக் கவர், அதற்குள் நடுவில் கம்பி வைத்த ஷூ. திரும்பிப் பிறந்த காலை நேராக்கியபிறகு, அது மறுபடி வளையாமல் இருக்கப் போடுவது. "ராத்திரி ராத்திரி போடுதோம் சார், தவறாம போடுதோம்" என்றார் அம்மா, நான் கேட்பதற்கு முன்னாலேயே.

ஷூவை வாங்கி உள்ளே பார்த்தேன். தினமும் போடுகிற ஷூ என்றால் குதிங்கால் உட்காருகிற இடத்தில் கறுப்பாக ஒரு குழி விழுந்திருக்கும். வாரில் உள்ள ஓட்டைகளில் ஒன்று மட்டும் இழுபட்டு நீண்டிருக்கும். பாலும் வேர்வையும் கலந்த ஒரு வாடை அடிக்கும். இதிலோ புதுத்தோல் வாசனைதான் வந்தது. பையனை நிற்க வைத்தால் வலது குதிங்கால் தரையில் படவில்லை, முன்பாதம் உள்பக்கமாகத் திரும்ப ஆரம்பித்திருந்தது. பிறந்த பத்தாம் நாள் கொண்டுவந்து, ஆறு மாவுக்கட்டில் நேராக்கி அனுப்பிய கால் அது.

நான் திட்டவில்லை. திட்டினால் அடுத்த முறை வரமாட்டார்கள். ஆச்சிதான் உள்ளதைச் சொன்னார். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்து வைத்தார்களாம். சொந்தபந்தமெல்லாம் கூடுகிற இடத்தில் பிள்ளை காலில் விலங்கு போட்ட மாதிரி இருக்கிறதே என்று கழற்றி வைத்திருக்கிறார்கள். இந்த ஷூ அதற்கு ரெண்டு நாள் முன்னால் வாங்கிய ரெண்டாவது ஜோடி. கோயிலுக்குப் போய்விட்டு வந்து போட்டால் பையன் வீல் வீலென்று கத்தினான். "காலுதான் நேரா இருக்கேய்யா, அப்புறம் எதுக்கு அந்தக் கம்பிய மாட்டிப் பச்சப்புள்ளய நோகடிக்கணும்?" என்றார் ஆச்சி. நியாயமான கேள்விதான். இந்தக் கட்டுரையே அந்தக் கேள்விக்காகத்தான் எழுதுகிறேன்.

பாதம் உள்நோக்கி மடங்கி, குதிங்கால் மேலே ஏறி, உள்ளங்கால் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி சில குழந்தைகள் பிறக்கும். பிறவி வளைபாதம் என்று எழுதுவோம். நம் பக்கத்தில் 'கால் திரும்பிப் பிறந்திருக்கு' என்பார்கள். ஏறக்குறைய ஆயிரம் பிரசவத்துக்கு ஒன்று. பெண் பிள்ளைகளைப் போல ரெண்டு மடங்கு ஆண் பிள்ளைகளுக்கு வரும். பாதிப் பேருக்கு ரெண்டு காலிலும் இருக்கும். ஐந்தாம் மாத ஸ்கேனிலேயே பல சமயம் தெரிந்துவிடும்.

கிரகணத்தன்று கர்ப்பிணி வெளியே வந்ததால் வந்தது, காலை மடக்கி உட்கார்ந்து பீடி சுற்றியதால் வந்தது என்று சொல்லாத வீடு எங்கள் பக்கத்தில் குறைவு. இரண்டும் காரணமில்லை. சில குடும்பங்களில் பிட்எக்ஸ்-1, டிபிஎக்ஸ்-4 போன்ற மரபணுக்களில் மாற்றம் இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு இதுதான் காரணம் என்று கைகாட்ட முடியாது. ஆனால் பிள்ளை பெற்ற பத்தாம் நாளில், தையல்கூட ஆறாத அந்தப் பெண்ணை என் முன்னாலேயே குற்றவாளி மாதிரி பேசுகிற சொந்தக்காரர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வரும். அன்றைக்கு மட்டும் நான் கொஞ்சம் சத்தமாகப் பேசுவேன்.

பிறந்த குழந்தையின் பாதம் லேசாகத் திரும்பியிருந்தாலே வளைபாதம் என்று பயப்பட வேண்டாம். கருப்பைக்குள் இடம் நெருக்கி மடங்கியிருந்த பாதமும் அப்படித்தான் தெரியும். குழந்தையின் பாதத்து வெளி ஓரத்தை விரலால் மெல்ல வருடிப் பாருங்கள். குழந்தை தானாகவே பாதத்தை வெளிப்பக்கம் தூக்கி நேராகக் கொண்டுவந்தால் அது தானே சரியாகக்கூடியது. வராமல் விறைப்பாக நின்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கூடவே முதுகுத்தண்டையும் இடுப்பையும் நாங்கள் பார்ப்போம், சில சமயம் மூல காரணம் அங்கே இருக்கும். குளிப்பாட்டும்போது ஆச்சி எண்ணெய் போட்டு உருவிவிட்டுச் சரியானது என்று நீங்கள் கேள்விப்பட்ட கால்கள் முதல் வகை. ரெண்டாவது வகையை உருவி உருவி மூன்று மாதம் போக்கிவிட்டு வருகிறவர்கள் இன்னும் உண்டு. வந்தால் வைத்தியம் உண்டு, நடக்கிற வயது தாண்டி வந்தால்கூட மாவுக்கட்டில் திருப்பலாம். கட்டுகளின் எண்ணிக்கைதான் கூடும்.

நான் பயிற்சியில் இருந்த காலத்தில் இதற்கு வைத்தியம் என்றால் பெரிய ஆபரேஷன்தான். ஏழெட்டு மாதக் குழந்தையின் கணுக்காலைச் சுற்றிப் பாதி தூரத்துக்குத் திறந்து, இறுக்கமாக இருக்கிற மூட்டுப் பைகளையும் தசைநாண்களையும் ஒவ்வொன்றாக வெட்டி விடுவோம். கால் அன்றைக்கே நேராகிவிடும், அப்பா அம்மா கையெடுத்துக் கும்பிடுவார்கள். நானும் செய்திருக்கிறேன். அப்படி ஆபரேஷன் ஆன ஒருவர் இருபத்து நாலு வயசில் என்னிடம் வந்தார். போட்டோ எடுத்தால் அழகான பாதம். ஆனால் கணுக்கால் மூட்டு கட்டை மாதிரி இறுகிக் கிடந்தது. குத்தவைக்க முடியாது. வயலில் நாற்று நட முடியாது, சாயங்காலமானால் வலி. வெளிநாடுகளில் இந்த ஆபரேஷன் செய்த குழந்தைகளை முப்பது வயசு வரைக்கும் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளும் இதையேதான் சொல்லின. தழும்புத் திசு இறுக்கும், மூட்டு தேயும், மறுபடி மறுபடி கத்தி வைக்க வேண்டிவரும்.

இதை 1940-களிலேயே ஒருவர் கவனித்திருந்தார். இக்னேசியோ பொன்செட்டி. 1914-ல் ஸ்பெயினைச் சேர்ந்த மினோர்க்கா தீவில் கடிகாரக்காரர் ஒருவருக்குப் பிறந்தவர். உள்நாட்டுப் போரில் காயம்பட்டவர்களுக்கு எலும்பு கட்டிவிட்டு, தோற்ற பக்கத்தில் இருந்ததால் பிரான்சுக்குத் தப்பி, மெக்சிகோ போய், 1941-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே இருபது வருஷம் முன்னால் வளைபாதத்துக்கு ஆபரேஷன் ஆனவர்களைக் கூப்பிட்டுப் பார்த்தபோது எல்லாப் பாதமும் விறைத்து, வலியோடு இருந்தன. குழந்தையின் தசைநார்களை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். நெளிநெளியாக, சுருக்கம் பிடித்த துணி மாதிரி இருந்தன. அதாவது இழுத்தால் நீளும், நீண்டபிறகு மறுபடி நெளி விழும். அப்படியென்றால் எதற்கு வெட்ட வேண்டும்?

அவருடைய முறை 1963-ல் அச்சில் வந்தது. யாரும் சட்டை செய்யவில்லை. ஆபரேஷன்தான் நவீனம், மாவுக்கட்டு பழசு என்பது எங்கள் ஆட்களின் எண்ணம். 1995-ல் அவருடைய பழைய நோயாளிகளை முப்பது வருஷம் கழித்துத் தேடிப் பார்த்த ஆய்வு வந்தபிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அவர்களில் 78 சதவீதம் பேருடைய பாதம் நன்றாகவோ மிக நன்றாகவோ வேலை செய்தது. பிறவியில் எந்தக் குறையும் இல்லாத, அதே வயசு ஆட்களிடம் அதே கணக்கைப் போட்டால் 85 சதவீதம். இதைவிட நெருக்கமாக ஒரு வைத்தியம் இயற்கையை எட்டுவது அபூர்வம். பிறகு அதைப் பரப்பியதில் டாக்டர்களைவிட அமெரிக்கப் பெற்றோர்களுக்குத்தான் பங்கு அதிகம். தங்கள் பிள்ளைகளின் கால் படங்களை இன்டர்நெட்டில் போட்டு, "ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். பொன்செட்டி 2009-ல் தொண்ணூற்றைந்து வயசில் காலமாகும் வரை கட்டுப் போட்டுக்கொண்டும் சொல்லிக்கொடுத்துக்கொண்டும்தான் இருந்தார்.

கட்டுப் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் இதென்ன, சும்மா பிடித்துக்கொண்டிருக்கிறார்களே என்று தோன்றும். குழந்தைக்குப் பாலைக் கொடுக்கச் சொல்லிவிட்டு, நான் பாதத்தின் வெளிப்பக்கத்தில் கணுக்காலுக்குக் கொஞ்சம் முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பைக் கட்டைவிரலால் தேடுவேன். அது கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அந்த எலும்பு அச்சாணி. அதை அசையாமல் பிடித்துக்கொண்டு, மீதிப் பாதம் முழுவதையும் அதைச் சுற்றி வெளிப்பக்கமாகத் திருப்ப வேண்டும். இடம் தவறி இரண்டு விரற்கடை தள்ளி அழுத்தினால் குதிங்கால் திரும்பாது, பாதம்தான் நடுவில் மடங்கும். பல வருஷம் பல பேர் செய்த தப்பு அது. அப்புறம் பஞ்சு சுற்றி, தொடை வரைக்கும் மாவுக்கட்டு. முழங்காலை மடக்கித்தான் போடுவோம், இல்லையென்றால் பிள்ளை உதைத்து உருவிவிடும். விரல் நுனிகள் வெளியே தெரிய வேண்டும். விரல் நீலமானாலும், வீங்கினாலும், உள்ளே போய் மறைந்தாலும் நடு ராத்திரி என்று பார்க்காமல் கிளம்பி வர வேண்டும்.

வாரம் ஒரு கட்டு. அஞ்சாறு கட்டில் பாதம் வெளிப்பக்கம் திரும்பிவிடும், குதிங்கால் மட்டும் மேலே நிற்கும். அப்போது குதிங்காலுக்கு மேலே உள்ள தசைநாணைச் சின்ன ஊசி மரப்பு கொடுத்து, ஒரு நூல் அளவு கத்தி நுழைத்து அறுத்துவிடுவோம். தையல் கிடையாது. பத்தில் எட்டுப் பேருக்காவது இது தேவைப்படும். நரம்பை வெட்டப்போகிறார்கள் என்று பயந்து ஓடுகிறவர்கள் உண்டு. அது நரம்பில்லை. மூன்று வாரம் கட்டுக்குள் இருக்கும்போதே தசைநாண் தேவையான நீளத்துக்கு மறுபடி வளர்ந்துவிடும்.

இது வரைக்கும் என் வேலை. சரி, ஆச்சியின் கேள்விக்கு வருகிறேன்.

கால் நேராகிவிட்டது, ஆனால் அதை வளைத்த காரணம் உள்ளே அப்படியே இருக்கிறது. குழந்தை வேகமாக வளர்கிற முதல் நாலு வருஷம், உள்பக்கத் தசைகளும் நார்களும் பாதத்தைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். அந்தக் கம்பி ஷூ பாதத்தை எழுபது பாகை வெளியே திருப்பிப் பிடித்து அவற்றை நீட்டியே வைக்கிறது. முதல் மூன்று மாதம் குளிக்கிற நேரம் போக இருபத்து மூன்று மணி நேரம். அப்புறம் தூங்குகிற நேரம் மட்டும், நாலு வயசு வரை. திரும்ப வளைவது யாருக்கு என்று பார்த்த ஆய்வுகளில் முதலில் வந்த கால் எவ்வளவு மோசம், எத்தனை கட்டுப் போட்டார்கள் என்பதெல்லாம் பெரிசாகத் தெரியவில்லை. ஷூவை நிறுத்திவிட்டார்களா என்பதுதான் திரும்பத் திரும்ப முன்னால் வந்து நின்றது.

ஆனால் நாலு வருஷம் என்று சொல்லிவிடுவது எனக்குச் சுலபம். வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்க ஆரம்பித்தபிறகுதான் சில விஷயங்கள் எனக்கே புரிந்தன. ஒன்று, சேலைத் தொட்டில். கம்பி போட்ட பிள்ளையை அதில் போட்டால் துணி ரெண்டு பக்கமும் நெருக்கிக் கம்பி குறுக்கே மாட்டிக்கொள்ளும், பிள்ளை கத்தும். ஷூவைக் கழற்றினால் தூங்கிவிடும். ஷூதான் குற்றவாளி என்று முடிவாகிவிடும். தொட்டில் கம்பை நீளமாகப் போட்டுச் சேலையை அகலப்படுத்துங்கள், அல்லது கொஞ்ச நாளைக்குப் பாயில் படுக்க வையுங்கள். இந்த யோசனை என்னுடையதில்லை, முக்கூடலிலிருந்து வரும் ஒரு அம்மா சொன்னது.

அடுத்தது வெயில். சித்திரையில் பாளையங்கோட்டையில் நாமே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உட்காருகிறோம். மெல்லிய பருத்திச் சாக்ஸ் மூன்று ஜோடி வைத்துக்கொண்டு நனைந்ததும் மாற்ற வேண்டும். காலில் எண்ணெயும் பவுடரும் வேண்டாம், தோல் ஊறிப் புண்ணாகும். குதிங்காலில் கொப்புளம் வந்தால் எல்லாரும் வாரைத் தளர்த்துகிறார்கள். தப்பு. பெரும்பாலும் ஷூ தளர்வாக இருந்து குதிங்கால் மேலும் கீழும் உரசுவதால்தான் கொப்புளம் வருகிறது. நடு வாரை இன்னொரு ஓட்டை இறுக்கிவிட்டு எங்களிடம் காட்டுங்கள்.

அழுகை முதல் ரெண்டு மூன்று ராத்திரிதான். பிள்ளைக்கு ஒரு காலைத் தனியாக உதைக்க முடியவில்லை என்கிற ஆத்திரம் அது. கம்பியைப் பிடித்து ரெண்டு காலையும் சேர்த்து மடக்கி நீட்டி விளையாட்டுக் காட்டினால் பழகிவிடும். ஒரு ராத்திரி கழற்றிக் கொடுத்தால், அழுதால் கழற்றுவார்கள் என்று அது கற்றுக்கொள்ளும். அந்தக் கழற்றுகிற கை பெரும்பாலும் அம்மாவுடையதில்லை. அதனால்தான் ஷூ கொடுக்கிற அன்றைக்கு ஆச்சியோ தாத்தாவோ கண்டிப்பாகக் கூட வர வேண்டும் என்று இப்போது சொல்லிவிடுகிறேன். அப்பா வெளிநாட்டில் இருந்தால் வீடியோ காலில் பேசுவேன். மாட்டுவதை அம்மா என் முன்னால் ஒரு முறை, ஆச்சி ஒரு முறை செய்து காட்ட வேண்டும்.

காசு பிரச்சினை என்றால் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.யில் பரிசோதிக்கிற குறைபாடுகளில் வளைபாதமும் ஒன்று. பிரசவம் பார்த்த ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அங்கன்வாடியிலோ கேட்டால் வழி சொல்வார்கள். கட்டுக் காலத்தில் கிழமை தவறாமல் வருவது முக்கியம், பஸ் செலவுக்கு யோசித்து ஒரு வாரம் விட்டால் கட்டு தளர்ந்து கால் பின்வாங்கும்.

ஆலங்குளம் பையனுக்கு மறுபடி மாவுக்கட்டுப் போட்டோம். மூன்று வாரத்தில் குதிங்கால் இறங்கிவிட்டது. கொஞ்சம் தாமதித்து வந்திருந்தால், மூன்று வயசுக்குமேல் ஒரு தசைநாணை இடம் மாற்றி வைக்கிற ஆபரேஷன் வரைக்கும் போயிருக்கும், இன்னும் அந்த ஆபத்து முழுக்க விலகிவிடவில்லை. போன வாரம் வந்தார்கள். ஆச்சிதான் மாட்டிக் காட்டினார், முதலில் நடு வார், அப்புறம் மற்றது, சரியாகத்தான் செய்தார். விரல்கள் ஷூ நுனியைத் தாண்டி எட்டிப் பார்க்கின்றன. அடுத்த அளவு சொல்லியிருக்கிறோம். அது வரும் வரைக்கும் பழசையே போடட்டும், குதிங்கால் உள்ளே நன்றாக உட்கார்ந்திருந்தால் போதும்.