நிலம் மினுக்கப் போன கிரைண்டர்

பின்னேரம் 5 மணிக்குத்தான் பிழை தெரிந்தது. காலையிலிருந்து நான்கரை இஞ்சித் தட்டுள்ள கைக் கிரைண்டரோடு மல்லுக்கட்டி, கிளிநொச்சியில் எங்கள் வீட்டுச் சின்ன அறையின் சீமெந்து நிலத்தை மினுக்கவென்று தேய்த்திருந்தேன். தடவிப் பார்த்தால் வழுவழுப்பு. மத்தியானம் மின்குமிழ் வெளிச்சத்தில் பார்த்தபோதும் ஒரு குறையும் இல்லை. வெயில் சாய்ந்து மேற்கு யன்னலால் உள்ளே வந்ததும், நிலம் முழுக்கப் பிறை பிறையாய்ப் பள்ளங்கள். ஆரோ அறைக்குள் குதிரை ஓட்டிவிட்டுப் போனதுபோல இருந்தது.

கணக்குப் பார்த்தால் இதில் அதிசயம் இல்லை. 5 பாகை உயரத்தில் நிற்கும் சூரியனின் ஒளியில் அரை மில்லிமீற்றர் பள்ளத்தின் விளிம்பு ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் நீளத்துக்கு நிழல் விழுத்தும். மேலே இருந்து விழும் வெளிச்சத்தில் அதே பள்ளம் கண்ணில் படவே படாது. வீட்டுக்கு மேற்கே வாசல் இருப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டு கிரைண்டரைக் கையில் எடுக்கலாம்.

பள்ளம் விழுந்தது என் கை நடுங்கியதால் மட்டுமல்ல. நான்கரை இஞ்சித் தட்டு நிமிடத்துக்கு 11,000 தடவை சுற்றும்போது அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 240 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகத்தில் கை ஒரு பாகை சரிந்தாலும் போதும்; தட்டு முழுவதும் நிலத்தில் படாமல் ஒரு விளிம்பு மட்டும் கடிக்கும். கடித்த இடம்தான் பிறை. தொழில்காரர் கொண்டுவரும் இயந்திரத்தின் கதை வேறு. பெரிய தட்டொன்றின் அடியில் மூன்று சிறிய தலைகள் தனித்தனியே சுழல, பெரிய தட்டும் தன் பாட்டுக்குச் சுழலும். சூரியனைச் சுற்றியபடி தானும் சுழலும் கோள்களைப் போல. நிலத்தின் ஒவ்வொரு புள்ளியையும் தலைகளில் பதித்த வைரத் துணிக்கைகள் பல திசைகளிலிருந்து கீறிக்கொண்டு போவதால், ஒரு கீறல் மற்றதை அழித்துவிடும். பெரிய இயந்திரங்கள் சில நூறு கிலோ எடை வரும். அழுத்துவது அந்த எடைதான். மனிதனின் தோள் இல்லை.

அப்படியானால் ஆளைக் கூப்பிடு, வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். எங்கள் வீட்டுக்கு நிலம் போட்ட மேசன் அண்ணை அடுத்த நாள் வந்து பார்த்துச் சிரித்தார்.

"தம்பி, நீ தேய்ச்சது கொங்கிறீட்டை இல்லை. நான் பூசின பூச்சை. இன்னும் ரெண்டு நாள் தேய்ச்சிருந்தா மண்ணைக் கண்டிருப்பாய்."

"அப்ப மெசின் பிடிச்சாச் சரி வராதோ அண்ணை?"

"மெசின் பிடிச்சா ஒரு மணித்தியாலத்திலயே மண்ணைக் காணலாம்."

இதுதான் விசயம். நானே செய்வதா, ஆள் பிடிப்பதா என்பது இரண்டாவது கேள்வி. காலுக்குக் கீழே என்ன கிடக்கிறது என்பதுதான் முதலாவது.

2009க்குப் பிறகு வன்னியில் எழுந்த வீடுகளில் பெரும் பங்கு வீட்டுத்திட்டங்களில் வந்தவை. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5.5 இலட்சம் ரூபாய் தவணை தவணையாகக் கிடைத்தது. அத்திவாரம், சுவர், கூரை என்று ஏறிப்போய், நிலத்துக்கு இறங்கும்போது எங்கள் வீட்டில் காசும் இல்லை, பொறுமையும் இல்லை. இடித்து இறுக்கிய மண்ணின்மேல் மெல்லிய கொங்கிறீட், அதன்மேல் அரை இஞ்சி, முக்கால் இஞ்சிக்கு மணலும் சீமெந்தும் கலந்த பூச்சு, ஈரம் காயமுன் மேலே தூவிய சீமெந்துத் தூள், கரண்டியால் ஒரு மினுக்கு. அந்த மினுக்கம் ஒரு மில்லிமீற்றர்கூட இல்லாத தோல். அதைத் தேய்த்து எடுத்தால் கீழே இருப்பது மணல் பூச்சு. அங்கே பளபளக்கக் கருங்கற் சல்லி இல்லை. அயலில் உள்ள வீடுகள் பலவற்றில் நான் பார்த்ததும் இப்படியான நிலம்தான்.

கடை, ஆலை, களஞ்சியம், அண்மையில் கட்டிய மாடி வீடு போன்றவற்றில் முழுத் தடிப்புக்கும் சல்லி போட்ட கொங்கிறீட் இருக்கும். அதைத்தான் மெருகேற்றலாம். எது எது என்று அறியப் பெரிய ஆய்வுகூடம் வேண்டாம். அலுமாரிக்குப் பின்னால் ஒரு மூலையில் இரும்பு ஆணியால் அழுத்திக் கீறிப் பாருங்கள். பள்ளம் விழுந்து வெள்ளைத் தூள் பறந்தால் மேற்பரப்பு பலவீனம். உலோகத்தின் கறுப்புக் கோடு மட்டும் விழுந்தால் நல்ல நிலம். பிறகு ஒரு கம்பியால் அங்கங்கே தட்டுங்கள். 'டப் டப்' என்று வெறுமைச் சத்தம் கேட்கிற இடத்தில் பூச்சு அடியிலிருந்து விட்டுவிட்டது. அங்கே கிரைண்டர் வைத்தால் அப்பளம்போல உடையும்.

ஒரே சீமெந்தில் ஒரு வீட்டு நிலம் கல்லாகவும், மற்ற வீட்டு நிலம் கூட்டக் கூட்டத் தூளாகவும் ஏன் ஆகிறது? சீமெந்து காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு சேர்ந்து இறுகுகிறது. அந்தச் சேர்க்கையில் இரண்டு பொருள்கள் பிறக்கின்றன. ஒன்று கல்சியம் சிலிக்கேற்று ஐதரேற்று. மணலையும் சல்லியையும் பிடித்து வைத்திருக்கும் பசை அதுதான். மற்றது கல்சியம் ஐதரொட்சைட்டு. இது நம் நீற்றுச் சுண்ணாம்பேதான், வலுவில்லாத சரக்கு. ஆடி மாதக் கச்சான் காற்றில் நிலம் போட்டு, ஈரச் சாக்கு மூடாமல் விட்டால், மேல் மில்லிமீற்றர்களில் தண்ணீர் ஓடிப்போய்விடும். பசை பாதியில் நின்றுவிடும். கலவையைத் தண்ணியாகக் குழைத்தாலும் கேடுதான். மிஞ்சிய தண்ணீர் நுண் துகளைத் தூக்கிக்கொண்டு மேலே வந்து, பாலாடைபோல ஒரு பலவீனப் படை விட்டுச் செல்லும்.

இந்தப் பலவீனத்துக்கு வேதியியலில் ஒரு மருந்து இருக்கிறது. சோடியம் அல்லது லிதியம் சிலிக்கேற்றுக் கரைசலை நிலத்தில் விட்டால், அது துளைகளுக்குள் இறங்கி, அங்கே சும்மா கிடக்கும் சுண்ணாம்போடு சேர்ந்து அதே பசையாக மாறும். வெளியிலிருந்து பூசும் படை அல்ல. நிலமே உள்ளுக்குள் இறுகுகிறது. ஆகவே உரிந்து போகாது. எபொக்சி வர்ணத்துக்கு இந்த வசதி இல்லை. அடியில் பொலித்தீன் விரிக்காத வீடுகளில் கார்த்திகை மழைக்கு மண்ணின் ஈரம் மேலேறி வரும். மேலே மூடிய எபொக்சி கொப்புளம் கொப்புளமாய்க் கிளம்பும். பூச்சு நிலம் உள்ளவர்களுக்கு நான் சொல்வது இதுவே: தேய்க்க வேண்டாம். கழுவி, காயவிட்டு, சிலிக்கேற்றுக் கரைசலை விடுங்கள். அதை நீங்களே செய்யலாம். கண்ணாடிபோல மினுங்காது, தூள் பறப்பது குறையும்.

உண்மையான கொங்கிறீட் இருந்தால் மட்டும் வைரத்துக்கு வருவோம். தேய்க்கும் தட்டில் இருப்பவை உலோகத்திலோ பிசினிலோ பதித்த வைரப் பொடிகள். முதலில் 30 ஆம் இலக்கம்; அதன் துணிக்கை ஏறத்தாழ அரை மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூட. பிறகு துணிக்கை சிறுக்கச் சிறுக்க 60, 120, 200, 400, 800 என்று ஏறி, சிலர் 3000 வரை போவார்கள். ஒவ்வொரு இலக்கத்தின் வேலையும் முந்தியது விட்ட கீறலை அழிப்பது மட்டுமே. நடுவில் ஒன்றைத் தாண்டினால், ஆழக் கீறல் அப்படியே நிற்க அதன்மேல் மினுக்கம் ஏறும். கீறல்கள் நுண்ணியதாக ஆக, ஒளி கண்டபடி சிதறாமல் ஒரே பக்கம் திரும்புகிறது. அந்த ஒழுங்கைத்தான் நாம் பளபளப்பு என்கிறோம்.

இங்கே தலைகீழான ஒரு விதி உண்டு. கடினமான நிலத்துக்கு, வைரத்தைப் பிடித்திருக்கும் பிணைப்பு மென்மையாக இருக்க வேண்டும். மென்மையான நிலத்துக்குக் கடினமான பிணைப்பு வேண்டும். வைரமும் மழுங்கும். மழுங்கிய வைரம் உதிர்ந்து புதியது வெளியே வர, அதைப் பிடித்திருக்கும் உலோகம் தேய வேண்டும். கடின நிலத்தில் தூள் குறைவு, ஆகவே உலோகத்தைத் தேய்க்க ஆள் இல்லை; தட்டு மினுங்கிக்கொண்டு சும்மா சுற்றும். மென்மையான நிலத்தின் மணல் தூளோ உலோகத்தை வேகமாகத் தின்று, நல்ல வைரங்களையும் உதிர்த்துவிடும்.

வன்னியில் இது வெறும் ஏட்டுக் கதை அல்ல. இலங்கையின் பழம்பாறைப் பிரிவுகளில் ஒன்றுக்குப் புவியியலாளர் வைத்த பெயரே வன்னித் தொகுதி. வவுனியாப் பக்கக் கருங்கல் அந்த வகை: படிகக்கல்லும் (குவாட்ஸ்) களிக்கல்லும் (பெல்ஸ்பார்) செறிந்த பாறை, கனிமங்களின் கடினத்தைக் காட்டும் மோவின் அளவில் 6, 7. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் 3 தான். கருங்கற் சல்லியும் மென்மையான சீமெந்தும் சேர்ந்த நிலத்தில் தட்டு சீமெந்தை முதலில் அரித்து, சல்லியை முண்டு முண்டாக விட்டுவிடும். எந்தப் பிணைப்பைப் போடுவது என்று பத்து நிமிடத்தில் கண்டுபிடித்து மாற்ற, நாலைந்து வகைத் தட்டுகள் கைவசம் இருக்க வேண்டும். நாம் கடையில் வாங்கி வருவது ஒன்று. ஆள் பிடிப்பதற்குக் கொடுக்கும் காசில் ஒரு பங்கு இந்தத் தட்டுப் பெட்டிக்குத்தான்.

இனித் தூள். பத்துக்குப் பத்தடி அறையில் ஒரு மில்லிமீற்றர் தேய்த்தால் 20 கிலோவுக்கு மேல் தூள் வரும். சல்லி முகம் காட்ட வேண்டுமென்றால் 3 மில்லிமீற்றராவது போக வேண்டும், அதாவது 60 கிலோ. அதில் மணலிலும் கருங்கல்லிலும் உள்ள படிகச் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அதன் நுண்துகள் நுரையீரலின் அடிவரை போய்த் தழும்பு போடும்; அந்த நோய்க்குக் குணம் இல்லை. புற்றுநோயையும் உண்டாக்கும். அமெரிக்கத் தொழிலிட விதி, எட்டு மணிநேரச் சராசரியில் ஒரு கன மீற்றர் காற்றுக்கு 50 மைக்கிரோகிராம் நுண்சிலிக்காவுக்கு மேல் கூடாது என்கிறது. அந்தச் சின்ன அறையின் காற்று முழுவதுக்கும் கணக்குப் போட்டால் 1.4 மில்லிகிராம், ஒரு சம்பா அரிசியில் உடைந்த குறுநொய் அளவு. 20 கிலோவையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சால்வையை மூக்கில் கட்டிக்கொண்டு தேய்த்தவன் நான். இப்போது நினைத்தால் வயிறு கலங்குகிறது. என்95 முகக்கவசம், அதுவும் தாடி இல்லாத முகத்தில் இறுகப் பொருந்தியது. கிரைண்டரில் மூடியும் தூசி உறிஞ்சியும். இவை இல்லையென்றால் தொடவே வேண்டாம்.

தண்ணீர் விட்டுத் தேய்த்தால் தூள் அடங்கும். ஆனால் கையில் இருப்பது 230 வோல்ற்றுக் கிரைண்டர், நிற்பது ஈரத்தில். மின் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று சோதிக்காமல் அதற்குப் போகக்கூடாது. வரும் சேறும் தோலை எரிக்கும் காரம். கிணற்றடிக்கோ வாழையடிக்கோ ஊற்றுகிற பண்டம் இல்லை.

என் கணக்கு இப்படி. நிலம் உண்மையான கொங்கிறீட், இடம் ஒரு களஞ்சிய மூலை, பிறை விழுந்தாலும் கவலை இல்லையென்றால் நீங்களே செய்யலாம். விறாந்தை, கூடம், கடை என்றால் ஆள் பிடியுங்கள். பெரிய இயந்திரங்கள் பலவற்றுக்கு மூன்று கட்ட மின்சாரம் வேண்டும். வீட்டு இணைப்பில் ஓடாது. ஜெனரேற்றரையும் சேர்த்துத்தான் விலை கேட்க வேண்டும். ஒரு அறைக்கு லொறியில் ஏற்றி வந்து இறக்கினால் கூலி கட்டாது. அயலில் மூன்று பேர் சேர்ந்து கூப்பிட்டால் கட்டும். வருகிறவரிடம் முதலில் மூன்றுக்கு மூன்றடி தேய்த்துக் காட்டச் சொல்லுங்கள். தட்டிப் பார்க்காமல், கீறிப் பார்க்காமல் தொலைபேசியிலேயே சதுர அடி விலை சொல்பவரை நான் வீட்டுக்குள் விடமாட்டேன்.

எங்கள் நிலத்துக்குச் சிலிக்கேற்றுக் கரைசலோடு நிறுத்திக்கொண்டோம். பிறை விழுந்த அறையில் இப்போது நெல் மூட்டை அடுக்கியிருக்கிறது. மேற்கு யன்னலை மூட்டைகள் மறைத்துவிட்டன.