வீட்டுக் கணினி வழங்கியே, சேவையகம் அன்று

பழைய மடிக்கணினியைத் துடைத்து, கூடுதல் வன்தட்டு மாட்டி, வீட்டார் அனைவரும் கோப்புகளைச் சேமிக்கும் பொதுக் கணினியாக வைத்துக்கொள்ளும் வழக்கம் நாகர்கோவில், தக்கலைப் பக்கங்களிலும் வந்துவிட்டது. பழுது நீக்கும் கடைகளில் அதற்குச் 'சர்வர்' என்றே பெயர். பேச்சில் அது இருந்துவிட்டுப் போகட்டும். எழுத்தில் மட்டும் 'வீட்டுச் சேவையகம் அமைப்பது எப்படி' என்றே எங்கும் காண்கிறோம். இச்சொல் பிழையானது, 'வழங்கி' என்பதே சரி என்பது என் உறுதியான கருத்து.

ஆங்கிலச் சொல்லின் வேர், பணிபுரிதலைக் குறிக்கும் 'செர்வீரே' என்னும் இலத்தீன் வினை. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து உணவு பரிமாறுபவரைக் குறித்த அச்சொல், 1969-இல் இணையத்தின் முன்னோடி வலையமைப்பான ஆர்ப்பாநெட்டின் ஆவணங்களில், பிற கணினிகள் கேட்பதைக் கொடுக்கும் கணினிக்கு ஆயிற்று.

தமிழில் 'அகம்' என்று முடியும் பெயர்கள் இடத்தையே உணர்த்துகின்றன: நூலகம், மருந்தகம், உணவகம், பதிப்பகம். அவ்வகையில் சேவையகம் என்பது சேவை கிடைக்கும் ஒரு கட்டடம். எங்கள் மாவட்டத்தில் சேவை என்றதும் நினைவுக்கு வருவது வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் இ-சேவை மையம். வீட்டில் சேவையகம் வைத்திருக்கிறேன் என்றால், அதற்கு உரிமம் வாங்கியாயிற்றா என்றுதான் கேட்பவர் வினவுவார். 'சேவை' வடசொல் என்பது இரண்டாம் குறைதான். இடம் அல்லாத ஒன்றை இடமாக்கிக் காட்டுவதே முதற்குறை.

ஏனெனில் ஒரு கணினியை 'சர்வர்' என்னும் பெயருக்கு உரியதாக்குவது அது இருக்கும் இடமோ அதன் உருவமோ அன்று, அது செய்யும் தொழில். செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1990-இல் உலகளாவிய வலையை முதன்முதலில் இயக்கியது மேசைமேல் வைக்கும் நெக்ஸ்ட் கணினி ஒன்றில்தான். யாரும் அணைத்துவிடாதபடி அதன்மேல் எச்சரிக்கைத் தாள் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. வீட்டு மடிக்கணினியும் அப்படியே. டெபியன் என்னும் இயங்குதளத்தை நிறுவி, மூடியை மூடினாலும் உறங்காதபடி அமைப்பை மாற்றி, ரவுட்டரில் அதற்கு நிலையான முகவரி ஒதுக்கி, கோப்புகளைப் பிற கணினிகளோடு பகிரும் சாம்பா மென்பொருளை இயக்கிவிட்டால் அது கோப்பு வழங்கி. அச்சுப்பொறியை அதனோடு இணைத்துப் பிற கணினிகளுக்கும் பகிர்ந்தால் அதே கணினி அச்சு வழங்கியும் ஆகிறது. இரு பருவமழையும் பெய்யும் எங்கள் ஊரில் மின்சாரம் போனாலும் அதன் மின்கலம் சிறிது நேரம் தாங்கும் (உப்பிய மின்கலமானால் உடனே கழற்றிவிட வேண்டும்). ஒரே பெட்டிக்குள் இரண்டு வழங்கிகள் என்பது இயல்பாக இருக்கிறது. ஒரு சேவையகத்துக்குள் இரண்டு சேவையகங்கள் என்றால் கட்டடத்துக்குள் கட்டடம் அல்லவா?

'வழங்கு' பழந்தமிழ் வினை. 'வானம் வழங்காது எனின்' என்கிறது 19-ஆம் குறள். ஒருவருக்கு ஒருமுறை தருவதைக் கொடுத்தல் என்போம். பலருக்கும் தொடர்ந்து தருவதற்கு வழங்கல் என்பதே பொருத்தம். நியாயவிலைக் கடைக்குப் பொருள் வருவதும் குடிமைப் பொருள் வழங்கல் என்ற பெயரில்தான். எதிரில் நின்று கேட்டுப் பெறும் கணினியை வாங்கி என்றால் இணையும் சரியாக அமைகிறது.

'வழங்கி' வினையெச்சமாகவும் நிற்குமே என்பார்கள். இத்தடை பொருட்படுத்தத் தக்கதே. 'கோப்புகளை வழங்கி' என்று வாக்கியம் தொடங்கினால் படிப்பவர் ஒரு கணம் தயங்கக்கூடும். ஆனால் வடிகட்டியும் ஒலிபெருக்கியும் அவ்வாறே நிற்பவை. எங்கள் பழைய சாலையோரச் சுமைதாங்கிக் கல்லை வினையெச்சம் என்று எவரும் மயங்கியதில்லை. வழங்கியை, வழங்கியில் என உருபு சேர்ந்தவுடன் ஐயம் தீர்கிறது.

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள வருத்தம், மென்பொருளை ஒருமுறையேனும் இயக்கிப் பார்க்காமல் தனித்தனித் தொடர்களாக மாற்றித் தருகிறார்கள் என்பதே. சாம்பாவின் அமைப்பைத் திருத்திய பின் செய்ய வேண்டியதை 'சேவையகத்தை மறுதொடக்கம் செய்க' என்று எழுதுகிறார்கள். அதைப் படிப்பவர் கணினி முழுவதையும் அணைத்து இயக்குகிறார். அச்சாகிக்கொண்டிருந்த வேலையும் நடுவில் அறுபடுகிறது. 'கோப்பு வழங்கியை மட்டும் மீண்டும் தொடங்குக' என்று எழுதியிருந்தால் கணினியை அணைக்கும் எண்ணமே அவருக்கு வந்திருக்காது.