லேக்: சுணக்கமா, திக்கலா, மந்தமா?

மன்னார்குடியில் அக்காள் வீட்டுத் திண்ணை. அக்காள் மகன் போனில் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தவன், திடீரென்று "லேக், லேக்!" என்று கத்தினான். பக்கத்தில் நெல் சாக்கைத் தைத்துக்கொண்டிருந்த தாத்தா கோணூசியை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "எந்த ஏரியடா தம்பி? வீராணமா?"

குற்றம் தாத்தாவுடையது அல்ல. ஏரியைக் குறிக்கும் lake, ஆட்டம் பின்தங்குவதைக் குறிக்கும் lag என்று ஆங்கிலத்தில் வேறுபட்டு ஒலிக்கும் இரண்டு சொற்கள் நம் எழுத்தில் ஒரே 'லேக்' ஆகிவிடுகின்றன. 'லாக்' என்று எழுதிப் பார்த்தால் பூட்டு வந்து குறுக்கே நிற்கிறது.

பையன் கத்திய இந்த lag 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் தலைகாட்டியபோது அதற்குக் 'கடைசி ஆள்' என்று பொருள். பின்தங்குதல் என்ற வினைப்பொருள் அதையொட்டி வந்தது. பிறப்பு உறுதியாகவில்லை. மெதுவாக நடத்தலைக் குறிக்கும் நார்வே நாட்டுச் சொல்லோடு உறவு காட்டுவோர் உண்டு. சிறுவர்கள் விளையாட்டில் முறை வைக்கும்போது முதல், இரண்டாவது, கடைசி என்பவற்றைச் சிதைத்து 'ஃபாக், செக், லேக்' என்று சொன்னதிலிருந்து வந்தது என்பது இன்னொரு கருத்து. விளையாட்டில் பிறந்த சொல் விளையாட்டுக்கே திரும்பியது என்று எண்ணிக்கொள்ள எனக்கு ஆசைதான், ஆசை சான்றாகாது.

கடைசியில் நிற்பவன் என்ற பொருளை டெல்டாக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. நம்மிடம் 'கடைமடை' இருக்கிறது. வழக்கப்படி ஜூன் 12 அன்று மேட்டூரில் மதகைத் தூக்கினாலும், தண்ணீர் கல்லணைக்கு வரச் சில நாள், அங்கே பிரிந்து வாய்க்கால் வாய்க்காலாக இறங்கித் தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் எட்ட மேலும் பல நாள். திறக்கும் கன அடியை இரட்டிப்பாக்கினால் வரும் நீர் இரட்டிப்பாகும். வந்து சேரும் நாள் பாதியாகிவிடாது. இணையமும் அப்படித்தான். கூடுதல் விலைக்கு வேகமான இணைப்பு வாங்கினால் அகலம் கூடும், தொலைவு குறையாது. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கி.மீ. ஓடும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நேர்கோட்டில் சுமார் 2,900 கி.மீ. ஆட்டத்தை நடத்தும் கணினியான சர்வர் சிங்கப்பூரில் இருந்தால், தகவல் அங்கே போய்வர எப்படிப் பார்த்தாலும் 29 மில்லி விநாடிக்குக் குறையாது. இந்தப் போய்வரும் நேரத்தைத்தான் 'பிங்' என்கிறார்கள். 1983இல் மைக் மூஸ் என்பவர் எழுதிய சிறு நிரலின் பெயர் அது. நீர்மூழ்கிகளில் சோனார் எழுப்பும் ஒலியைப் பார்த்து வைத்தது.

தகவல் இப்படிப் போய்வரப் பிந்துவதற்கு நான் எடுக்கும் தமிழ்ச் சொல் 'சுணக்கம்'. நாளிதழ்கள் 'பணியில் சுணக்கம்' என்று அன்றாடம் எழுதுவதுதான். சங்கப் பாடல்களின் 'சுணங்கு' வேறு. அது பெண்ணின் மேனியில் படரும் தேமல்.

படம் விட்டுவிட்டு வருவதையும் 'லேக்' என்றே சொல்கிறார்கள், ஆனால் அது முற்றிலும் வேறு நோய். திரையில் ஓடும் படம் அடுத்தடுத்து வரும் தனித்தனிப் படங்களால், அதாவது சட்டகங்களால் (frame) ஆனது. விநாடிக்கு 60 சட்டகம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 16.7 மில்லி விநாடி. ஒரு விநாடியில் 54 சட்டகங்கள் ஒழுங்காக வந்து, அடுத்த ஒன்று மட்டும் 100 மில்லி விநாடி எடுத்துக்கொண்டதாக வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு எத்தனை சட்டகம் என்று திரையின் மூலையில் சொல்லும் எண் 55 என்று காட்டும், குறை சொல்ல முடியாத கணக்கு. கண்ணுக்கோ அந்த ஒரு இடறல்தான் தெரியும். பேச்சில் ஒரு சொல் நாக்கில் சிக்கினால் என்ன சொல்கிறோம்? திக்குகிறது என்கிறோம். அதனால் இது 'திக்கல்'. இணைப்பை மாற்றி இதைத் தீர்க்க முடியாது. சாதனத்துக்குள் ஏதோ ஒரு வேலை மற்ற வேலைகளை மறித்து நிற்கிறது.

மூன்றாவது, எல்லாச் சட்டகங்களும் ஒரே சீராக, ஆனால் மெதுவாக வருவது: விநாடிக்கு 60க்குப் பதில் 20. இது 'மந்தம்'. உண்ட வயிறுக்குச் சொல்லும் அதே சொல்.

'தாமதம்' என்று பொதுவாகச் சொல்லிவிடலாமே என்பார்கள். வடமொழியின் தாமச குணத்திலிருந்து வந்த சொல் அது. பஸ்ஸுக்கும் சம்பளத்துக்கும் ஆகும். மூன்று நோயையும் ஒரே பெயரில் மூடிவிடுவதால் இங்கே உதவாது. சில மொழிபெயர்ப்புகளில் காணும் 'பின்னடைவு' அதைவிடத் தொல்லை. வாக்கு எண்ணும் நாளில் தொலைக்காட்சியில் ஓடும் சொல் அல்லவா? விளையாட்டில் அதைச் சொன்னால் பின்தங்கியது ஆடுகிறவனா, இணைப்பா என்றே தெரியாது.

இன்னொரு வசதி, என் மூன்று சொற்களும் வினையாக வளைகின்றன: ஆட்டம் சுணங்குகிறது, படம் திக்குகிறது, போன் மந்தமாகிவிட்டது.

அன்று திண்ணையில் நடந்தது எது? பிங் 40 மில்லி விநாடியைத் தாண்டவில்லை, ஆகவே சுணக்கம் இல்லை. படம் சீராகத்தான் ஊர்ந்தது, திக்கவும் இல்லை. மே மாத வெயிலில், சார்ஜரில் செருகியபடியே ஒன்றரை மணி நேரமாக ஆடியிருக்கிறான். சூடு ஏறினால் போனுக்குள் கணக்குப் போடும் சில்லு (பிராசசர்) தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தாத்தா போனை வாங்கிப் பின்புறத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"கொதிக்கிறதே தம்பி. கொஞ்ச நேரம் கீழே வை, ஆறட்டும்" என்று சொல்லிவிட்டுக் கோணூசியை எடுத்துக்கொண்டார்.