ஃப்ளூ வைரஸ் செல்லை விட்டு வெளியேறுவது எப்படி?

வைரஸ் செல்லுக்குள் நுழைவதைப் பற்றிப் பேசும் அளவுக்கு அது வெளியே வருவதைப் பற்றி நாம் பேசுவதில்லை. ஆனால் உள்ளே எவ்வளவு பெருகினாலும், வெளியேறி அடுத்த செல்லை அடையாத வரையில் அதனால் பரவ முடியாது. இன்ஃப்ளூயன்சா வைரஸுக்கோ நுழைய உதவிய பிடியே வெளியேறும்போது தடையாகிவிடுகிறது.

நம் மூச்சுக்குழாயின் உட்பரப்புச் செல்களில் சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் நுனியில் இருப்பது சயாலிக் அமிலம். வைரஸின் மேலுள்ள ஹீமக்ளூட்டினின் என்ற புரதம் இதைப் பற்றிக்கொள்ள, செல் வைரஸை உள்ளிழுத்துக்கொள்கிறது. உட்கருவில் வைரஸின் மரபுச் செய்தியைத் தாங்கிய எட்டு ஆர்என்ஏ துண்டுகளும் படியெடுக்கப்படுகின்றன. புதிய புரதங்களும் இத்துண்டுகளும் செல் சவ்வின் அடியில் வந்து கூடியதும், சவ்வு அங்கே மொட்டுப்போலப் புடைக்கிறது. எம்2 என்ற புரதம் அதன் கழுத்தை நெரித்துத் துண்டிக்க, ஏறக்குறைய 100 நானோமீட்டர் அளவுள்ள புதிய வைரஸ், செல்லின் சவ்வையே போர்த்துக்கொண்டு பிரிகிறது. பாக்டீரியாவைத் தாக்கும் பல வைரஸ்களைப்போல இது செல்லை வெடிக்கச் செய்து வெளிவருவதில்லை.

பிரிந்தாலும் விடுதலை கிடைத்துவிடாது. செல்லின் மேற்பரப்பெங்கும் சயாலிக் அமிலம் இருப்பதால், ஹீமக்ளூட்டினின் மீண்டும் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். இந்தச் சயாலிக் அமிலத்தை வெட்டிவிடவே வைரஸ் நியூராமினிடேஸ் என்ற நொதியைச் சுமந்து வருகிறது. அந்த நொதி செயலிழந்தால், புதிய வைரஸ்கள் செல்லின் மேலேயே ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகக் கிடக்கும். அதற்காக நொதி அளவுக்கு மீறி வலுத்தாலும் நல்லதல்ல. நுழைவதற்கு வேண்டிய பிடியும் போய்விடும்.

இந்நொதியின் முப்பரிமாண அமைப்பை ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 1983இல் வெளியிட்டனர். அதன் வெட்டும் குழியை அடைத்துக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டவையே ஜனாமிவிரும், 2009ஆம் ஆண்டுப் பன்றிக் காய்ச்சலின்போது டாமிஃப்ளூ என்ற பெயரில் நம்மிடையே பிரபலமான ஓசெல்டாமிவிரும். இவை வைரஸைக் கொல்வதில்லை, வெளியேறுவதைத்தான் தடுக்கின்றன; ஏராளமான செல்களுக்குத் தொற்று பரவிய பிறகு தொடங்கினால் பலன் குறையும் என்பதால்தான், அறிகுறி தோன்றிய 48 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்கிறார்கள்.

எந்தப் பக்கமாக வெளியேறுகிறது என்பதும் முக்கியம். ஃப்ளூ வைரஸ் பெரும்பாலும் காற்றுப் பாதையை நோக்கிய மேற்புறத்திலேயே மொட்டுவிடுவதால், இருமலிலும் பேச்சிலும் எளிதாக வெளியே போகிறது. தட்டம்மை வைரஸ் சுற்றுவழியில் வருகிறது: முதலில் நோயெதிர்ப்புச் செல்களுக்குள் புகுந்து உடலெங்கும் பரவி, பிறகு நெக்டின்-4 என்ற புரதத்தைப் பற்றி மூச்சுக்குழாய்ச் செல்களுக்குள் அடிப்பக்கமாக நுழைந்து, மேற்பக்கமாகக் காற்றுப் பாதையில் இறங்குகிறது. நோயாளி அறையை விட்டுப் போன பின்பும் இரண்டு மணி நேரம் வரை அங்குள்ள காற்றில் அது தொற்றும் திறனோடு இருக்கக்கூடும்.